பைச் சீட்டா, வாட்ஸ்அப்பா, செய்தி மடலா? பங்குப் பள்ளிச் செய்தி வீடு போய்ச் சேரும் வழிகள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பங்குக் கோயிலை (அந்த ஊர்க் கத்தோலிக்கக் கோயிலை) ஒட்டிய தொடக்கப் பள்ளிகளில் ஜூன் பிறந்தால் ஒரு கேள்வி கிளம்பும். "வாட்ஸ்அப் குழு இருக்கே, இனி டைரியில் சீட்டு ஒட்ட வேண்டுமா? பக்கத்துப் பள்ளியில் வண்ணத்தில் செய்தி மடல் போடுகிறார்களே, நாமும் போடலாமா? பூசையில் ஃபாதர் அறிவித்துவிட்டால் போதாதா?" கேட்பவர் தலைமையாசிரியையாக இருக்கும் சிஸ்டராகவோ, பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவராகவோ இருப்பார்.

செலவு கணக்கிட ஒரு பள்ளியை மனத்தில் வைத்துக்கொள்வோம். 1 முதல் 5 வரை வகுப்பு, 210 பிள்ளைகள், அண்ணன் தங்கைகளை ஒரே வீடாக எண்ணினால் 160 வீடு. ஜெராக்ஸ் பக்கத்துக்கு 2 ரூபாய். உங்கள் ஊர் விலை வேறானால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

## முதலில் எதை வைத்து எடைபோடுவது?

பிள்ளையோடு வீட்டில் இருப்பவர் யார்? செட்டிநாட்டில் எல்லாவற்றுக்கும் முந்தி இதைக் கேட்க வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் இருப்பது அப்பா எண். அப்பா சிங்கப்பூரில். காலை 7 மணிக்கு நீங்கள் போடும் மழை விடுமுறைச் செய்தி அவருக்குக் கிடைக்கும்போது அங்கே மணி 9.30, வேலையில் இருப்பார். துபாய் என்றால் விடியல் 5.30, தூக்கம். இங்கே பிள்ளைக்குத் தலைசீவிக்கொண்டிருப்பவர் அப்பத்தா. "போனு மருமக கையோட போயிருச்சு சிஸ்டர், எனக்கு என்னத்தத் தெரியும்?" என்று அவர் கேட்டால் அதில் தப்பே இல்லை.

எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும்? ஐப்பசி, கார்த்திகை மழை விடுமுறைக்கு நிமிடக் கணக்கு. பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு வாரம். பேச்சுப் போட்டிப் பரிசுச் செய்திக்கு அவசரமே கிடையாது. காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது; 2025 ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும். பள்ளியில் சாப்பிடலாம் என்று பிள்ளை வெறும் வயிற்றோடு கிளம்பும் வீடுகள் இப்போது உண்டு. விடுமுறைச் செய்தி 8.30க்குப் போய்ச் சேர்ந்தால், பூட்டிய கேட்டுக்கு வெளியே பசியோடு ஒரு பிள்ளை நிற்கும்.

பதில் திரும்ப வர வேண்டுமா? சுற்றுலாவுக்குச் சம்மதம், ஆண்டு விழா உடைக்கு அளவு, தடுப்பூசிக்குக் கையெழுத்து இதெல்லாம் சொல்லிவிட்டால் முடிந்துபோகும் செய்திகள் அல்ல.

எல்லா வீட்டுக்கும் பொதுவா? பெயர் கத்தோலிக்கப் பள்ளி. வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் இந்துப் பிள்ளைகளும் இஸ்லாமியப் பிள்ளைகளும் உண்டு, பல பள்ளிகளில் அவர்களே கூடுதல். கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முறை நற்கருணை வாங்கத் தயாராகும் புதுநன்மை வகுப்பு பற்றிய செய்தி சில வீடுகளுக்கு, தேர்வு அட்டவணை எல்லா வீடுகளுக்கும்.

யார் செய்வது? ஐந்தாறு ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் புதிதாக ஒரு வேலை வந்தால் அது ஏதாவது ஒரு வகுப்பின் நேரத்தைத்தான் தின்னும்.

பிள்ளையின் முகமும் பெயரும் எங்கே போய் நிற்கும்? இதைக் கடைசியில் எழுதியதால் கடைசியாக யோசித்தால் போதும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

## வாட்ஸ்அப்

வேகத்தில் இதற்கு நிகரில்லை. கைக்காசும் பெரிதாகப் போகாது. ஆனால் "வாட்ஸ்அப்" என்ற ஒரே பெயருக்குள் நான்கு வேறு பொருள்கள் இருக்கின்றன. பள்ளிகள் தடுமாறுவது அங்கேதான்.

சாதாரணக் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். உள்ளே இருக்கும் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். முன்பின் தெரியாத ஒருவர் ஒரு தாய்க்கு "குட் மார்னிங்" அனுப்பத் தொடங்கினால், எண் கிடைத்த இடம் பள்ளிக் குழு என்று தெரிய வெகுநேரம் ஆகாது. பிராட்காஸ்ட் பட்டியல் எண்ணைக் காட்டாது. ஆனால் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், அதிலும் பள்ளி எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும். சேமிக்காதவருக்குப் போகாது, போகவில்லை என்று உங்களுக்கு அறிவிப்பும் வராது. சேனல் பின்தொடர்பவரின் எண்ணை மற்றவர்களிடமிருந்து மறைக்கும். ஆனால் குழுவில் இருக்கும் முழுக் குறியாக்கப் பாதுகாப்பு (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு) அதில் கிடையாது. பிள்ளைகள் படம் போடுவதற்கான இடமல்ல அது.

மிஞ்சுவது கம்யூனிட்டி. அதன் அறிவிப்புப் பகுதியில் நிர்வாகி மட்டும் எழுதலாம், உறுப்பினர் எண் மற்ற உறுப்பினருக்குத் தெரியாது. அதன் கீழே வகுப்புக் குழுக்களைத் திறக்க முடியும். அவசியம் இல்லாவிட்டால் திறக்காதீர்கள், ஏனென்றால் அந்தக் குழுக்களில் எண் மறுபடியும் வெளியே வந்துவிடும். 160 வீடுள்ள பள்ளிக்கு அறிவிப்புப் பகுதி ஒன்றே தாராளம்.

இனி, இலவசம் என்று நினைப்பதில் ஒளிந்திருக்கும் செலவுகள்.

நிர்வாகி எண் தலைமையாசிரியையின் சொந்த எண்ணாக இருந்தால், மே மாதம் அவர் வேறு மடத்துக்கு மாற்றலாகும்போது குழுவும் அவரோடு கிளம்பிவிடும். பள்ளிப் பெயரில் தனி சிம், அலுவலக மேசையை விட்டு நகராத ஒரு போன், நிர்வாகிகளாகக் குறைந்தது இரண்டு பேர்: இந்த ஏற்பாடு இல்லாமல் தொடங்கவே வேண்டாம். கோடை விடுமுறையில் ரீசார்ஜ் விட்டுப்போகாமல் பார்க்கவும் ஒருவர் பொறுப்பு.

பெற்றோர் பக்கமும் எண் மாறும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும். பழைய எண் குழுவிலேயே கிடந்தால் யாரோ ஒருவர் உங்கள் பிள்ளைகளின் ஆண்டு விழாப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். ஜூன் முதல் வாரத்தில் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணையும் சரிபார்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனவர்களை எடுக்க வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு பிற்பகல் வேலை. வகுப்புக் குழு வைத்தே ஆக வேண்டும் என்றால் "3ஆம் வகுப்பு" என்று பெயரிடாமல் சேர்ந்த ஆண்டைப் பெயராக வையுங்கள். வருடா வருடம் கலைத்துக் கட்டும் வேலை மிச்சம்.

எழுதும் முறையும் முக்கியம். லெட்டர்பேடில் அடித்து, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, அதைப் படமெடுத்துப் போடுவது நம் பள்ளிகளின் வழக்கம். சின்னத் திரையில் அதைப் பெரிதாக்கி இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். எழுத்தாகவே தட்டுங்கள்; தேதி முதல் வரியில் இருக்கட்டும்:

> 16-10-2025 வியாழன். பள்ளி பகல் 12.30க்கு விடும். மதிய உணவு உண்டு. அழைக்க வருபவர் 12.20க்கு வாசலில் இருக்கவும். வேனில் வரும் பிள்ளைகளுக்கு வேன் வரும்.

தேதி ஏன் முதலில்? போன வருடத்து "நாளை விடுமுறை" அறிவிப்பு இந்த வருட மழையிலும் ஊர் சுற்றும். மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தாரா இல்லையா என்று ஊரே குழம்பும்போது, தேதியோடு பள்ளி எண்ணிலிருந்து வரும் ஒரு வரிதான் நம்பும்படி இருக்கும்.

கீழே அதே செய்தியை 20 நொடிக் குரல் பதிவாகவும் போடுங்கள். வாசிக்கச் சிரமப்படும் ஐயா, அப்பத்தாக்களுக்கு அது எழுத்தைவிட நேரே போய்ச் சேரும். வீட்டில் பேசுகிற பேச்சாகவே இருக்கட்டும். சுற்றறிக்கைத் தமிழ் வேண்டாம்.

எப்போது இது சிறந்தது: அவசரம், நினைவூட்டல், வெளிநாட்டில் இருக்கும் அப்பாவுக்கு ஆண்டு விழாவை அன்றிரவே காட்டுவது. எப்போது ஆகாது: சம்மதக் கையெழுத்து, பணம் கேட்பது, ஒரு பிள்ளையைப் பற்றிய புகார்.

## பைக்குள் சீட்டு

பழைய முறை, அலுப்பான முறை. ஆனாலும் செட்டிநாட்டில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். பை எந்த வீட்டுக்குப் போகிறதோ அங்கேதான் பிள்ளை இருக்கிறது. பையைத் திறந்து சாப்பாட்டு டப்பாவை எடுப்பவர் எவரோ, அவரே பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர்.

ஏ4 தாளை நான்காக வெட்டினால் ஒரு சீட்டு. 160 வீட்டுக்கு 40 தாள், 80 ரூபாய். ஆண்டுக்கு 40 சீட்டு என்றாலும் 3,200 ரூபாய்தான். வீட்டுக்கு ஒன்று போதும் என்பதால் அந்த வீட்டின் *கடைசிப் பிள்ளையிடம்* கொடுங்கள். மூத்தவனிடம் கொடுத்தால் அவன் அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விடுவான். பட்டியலை மறுபடி போட வேண்டிவரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பையை வீட்டில் தினமும் யாராவது திறந்து பார்ப்பார்கள் என்பது இன்னொரு வசதி.

கெட்டுப்போகும் இடங்கள்:

வெள்ளிக்கிழமை கொடுக்கும் சீட்டு திங்கள்கிழமைக்குள் தொலையும். செவ்வாயில் கொடுத்து வெள்ளியில் திருப்பி வாங்குங்கள். இடையில் நினைவூட்ட இரண்டு நாள் கிடைக்கும்.

தனியாகக் கொடுத்தால் ராக்கெட் ஆகும், அல்லது டப்பாவுக்கு அடியில் எண்ணெய் குடிக்கும். டைரியில் அன்றைய தேதிப் பக்கத்தில் மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டுங்கள். முழுக்க ஒட்டினால் கீழே எழுதிய வீட்டுப்பாடம் மறையும். ஸ்டேப்ளர் பின் சின்ன விரல்களில் குத்தும், வேண்டாம்.

பதில் வேண்டிய சீட்டுக்கு மஞ்சள் தாள், வெறும் செய்திக்கு வெள்ளை. இரண்டு மாதத்தில் அப்பத்தாவுக்கும் பழகிவிடும்: மஞ்சள் என்றால் யாரையாவது கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். கீழ் மூன்றில் ஒரு பங்கு கிழித்துக் கொடுக்கும் பகுதி; அதில் பிள்ளை பெயர், வகுப்பு, "சம்மதம் / சம்மதமில்லை", கையெழுத்து அல்லது கைநாட்டு. பெயரையும் வகுப்பையும் ஆசிரியை முன்பே எழுதிவிட்டால், பெயரில்லாமல் திரும்பி வரும் துண்டை வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியதில்லை.

ஆங்கில வழிப் பள்ளியானாலும் சீட்டு தமிழில் போகட்டும். ஆங்கிலத்தில் அச்சிட்ட அழகான டைரி, வீட்டில் யாரும் படிக்காமல் கையெழுத்தாகித் திரும்புவது வழக்கம்.

மறைந்திருக்கும் செலவு ஆசிரியையின் நேரம். 42 பிள்ளைகளின் டைரியில் ஒட்ட ஒரு பாடவேளையில் பாதி போகும். நான்காம், ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகளே ஒட்டட்டும். ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியை. மாதம் ஏழெட்டுச் சீட்டு போனால் வீட்டில் படிப்பதை விட்டுவிடுவார்கள். வாரம் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

## அச்சிட்ட செய்தி மடல்

ஆசைப்படுவது எளிது, நடத்துவதுதான் பாடு. நான்கு பக்க மடல், அதாவது ஏ3 தாளை மடித்தது, கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் 160 பிரதிக்கு 1,280 ரூபாய். வண்ணத்தில் பக்கம் 10 ரூபாய் என்றால் 6,400. ஆஃப்செட் அச்சகத்துக்குப் போனால் அச்சுத் தகடான பிளேட் செலவு நூறு பிரதிக்கும் அதேதான், ஆயிரத்துக்கும் அதேதான். 160 பிரதிக்குக் கட்டாது. இரு பக்கமும் அச்சிட 70 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு) தாளில் பின்பக்க எழுத்து தெரியும், 80 ஜிஎஸ்எம் வாங்குங்கள்.

பெரிய செலவு பிழை திருத்தம். ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். முதலெழுத்து மாறினால் பரிசு வேறு வீட்டுக்குப் போய்விடும், மறுநாள் காலை வாசலில் ஒரு தாய் நிற்பார். பெயர்ப் பட்டியலை வகுப்பாசிரியை பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அச்சுக்குப் போக வேண்டும். டிடிபி கடைக்காரர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தந்தால், அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். "யூனிகோடில் அடித்துக் கொடுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாத மடல் மூன்றாம் மாதத்தில் நின்றுவிடும். தொடக்கப் பள்ளிக்கு 2012-13 முதல் முப்பருவ முறை இருக்கவே இருக்கிறது. பருவத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு மூன்று. காலாண்டு விடுமுறைக்கு முன், கிறிஸ்து பிறப்புக்கு முன், ஏப்ரலில். எட்டுப் பக்கக் கனவை விட்டு, ஏ4 தாளின் இரண்டு பக்கத்தில் தொடங்கினால் ஓர் இதழுக்கு 640 ரூபாயோடு முடியும்.

மடலில் வேறெதிலும் இல்லாத ஒரு பயன் உண்டு: அது வீட்டில் தங்கும். பிள்ளை வரைந்த படம் அச்சில் வந்தால் அதை எடுத்து வைப்பார்கள். முன்னாள் மாணவர்கள் மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள்; பிடிஎஃப் போனால் கழிப்பறைக் கட்டடத்துக்கு நன்கொடை வரும் வழியும் அதுவே. நூற்றாண்டு, பொன்விழா நெருங்கும் பள்ளிக்கு மடல் கட்டாயம். மற்ற பள்ளிகளுக்கு, எழுதிச் சேர்க்க ஓர் ஆள் கிடைத்தால் மட்டும்.

## பூசை அறிவிப்பும் அன்பியமும்

ஞாயிறு திருப்பலி முடிவில் சொல்வது செலவில்லாதது, எடை உள்ளது. ஃபாதர் சொன்னார் என்றால் அதற்குத் தனி மதிப்பு. மே மாதச் சேர்க்கைக்கு, பாதுகாவலர் விழாவுக்கு, புதுநன்மைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அன்பியக் கூட்டத்தில், அதாவது பக்கத்துப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்து செபிக்கும் கூட்டத்தில் சொன்னால் தெருவுக்கே தெரியும். கிளைக் கிராமங்களில் மாதம் ஒன்றிரண்டு பூசைதான் இருக்கும் என்றால் உபதேசியாரிடம் (ஃபாதருக்கு உதவியாக மறைக்கல்வி சொல்லித் தருபவரிடம்) எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

ஆனால் பள்ளி முழுவதுக்குமான செய்தியை இங்கே *முதலில்* சொல்லக் கூடாது. ஞாயிறு கோயிலில் சொல்லி, புதன்கிழமை சீட்டு போனால், "அவுகளுக்கு மட்டும் முன்னாடியே தெரியுது" என்ற பேச்சு திங்களன்றே சந்தைக்கு வந்துவிடும். அந்தக் கசப்பு போக நாளாகும். இதேபோல முதல் வெள்ளிப் பூசை நேரத்தைப் பொது வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். அதற்குக் கத்தோலிக்க வீடுகளுக்கு மட்டும் வெள்ளைச் சீட்டு.

நாட்காட்டி விஷயத்திலும் கலவை ஊர் என்பதை மறக்க வேண்டாம். பெற்றோர் கூட்டத்துக்குத் தேதி குறிக்கும்போது ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களையும், பிப்ரவரி 4 அருளானந்தர் திருநாளுக்கு ஓரியூர் போகிறவர்களையும், தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கும் வீடுகளையும் சேர்த்துப் பாருங்கள். இந்த மூன்றையும் தவிர்த்தால் கூட்டத்துக்கு வருகிறவர்கள் கூடுவார்கள்.

## எஸ்எம்எஸ், அறிவிப்புப் பலகை

மொத்த எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி பெயரையும் செய்தி வார்ப்பையும் தொலைபேசி நிறுவனங்களின் பதிவுத் தளமான டிஎல்டியில் பதிய வேண்டும்; பதியாத வாசகம் போகாது. தமிழில் ஒரு செய்திக்கு 70 எழுத்து இடம்தான், புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கு. "நாளை பள்ளி விடுமுறை" என்ற மூன்று சொல்லுக்கே 19 போய்விடும். பல பள்ளிகள் சேர்ந்து ஒரே பதிவில் நடத்தினால் பார்க்கலாம். தனிப் பள்ளிக்கு வீண் வேலை.

பலகை வேறு கதை. கேட்டுக்கு வெளியே, கண்ணாடிக் கதவும் பூட்டும் வைத்து, கண்மட்டத்தில். தலைப்பு எழுத்து ஓர் அங்குல உயரம். இங்க்ஜெட் அச்சு மழை ஈரத்தில் கரையும், ஜெராக்ஸ் கரையாது. ஒரு நேரத்தில் மூன்று தாளுக்கு மேல் வேண்டாம், தேதி முடிந்ததை அன்றே எடுங்கள். பிள்ளையை அழைக்க வந்து நிற்கும் பெரியவர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் படிப்பது இதைத்தான்.

## ஒரே பார்வையில்

| | வாட்ஸ்அப் கம்யூனிட்டி | பைச் சீட்டு | செய்தி மடல் | பூசை அறிவிப்பு |
|---|---|---|---|---|
| வேகம் | நிமிடம் | ஒரு நாள் | வாரங்கள் | ஞாயிறு வரை காத்திருப்பு |
| வீட்டிலிருக்கும் பெரியவருக்குச் சேருமா | போன் இருந்தால் | சேரும் | சேரும் | கத்தோலிக்கருக்கு மட்டும் |
| பதில் | ஒழுங்காக வராது | வரும் | வராது | வராது |
| கைக்காசு | சிம், ரீசார்ஜ் | முறைக்கு ரூ. 80 | இதழுக்கு ரூ. 640–6,400 | இல்லை |
| மறைந்த செலவு | எண் சரிபார்ப்பு, படம் கசிவு | ஆசிரியை நேரம் | பிழை திருத்தம் | மற்றவர் மனக்குறை |

## படம் போடும் முன்

18 வயதுக்கு உட்பட்டவர்களின் தனிநபர் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சேர்க்கைப் படிவத்தோடு ஒரு தாள் இணைத்து மூன்று கட்டம் வையுங்கள்: பள்ளி வாட்ஸ்அப், அச்சு மடல், வெளியார் பார்க்கும் இணையப் பக்கம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து வாங்காதீர்கள். முதலிரண்டுக்குச் சரி, மூன்றாவதுக்கு வேண்டாம் என்று சொல்கிற வீடுகள் நிறைய. முகம், முழுப்பெயர், வகுப்பு மூன்றையும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் தவறிப் போட்டதை எல்லாருக்கும் அழிக்கச் சுமார் இரண்டு நாள்தான் அவகாசம். அதற்குள் மற்றவர் போனில் இறங்கிய படம் உங்கள் கையில் இல்லை.

## உங்கள் பள்ளிக்கு எது?

தாத்தா பாட்டி வளர்க்கும் பிள்ளைகள் மிகுந்த கிராமப் பள்ளிக்கு: பைச் சீட்டே மூலச் செய்தி. மழைக்கும் திடீர் விடுமுறைக்கும் மட்டும் வாட்ஸ்அப். மடல் வேண்டாம்.

அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகும் நகரத்து மெட்ரிக் பள்ளிக்கு: கம்யூனிட்டியில் போடுவதே மூலச் செய்தி, மஞ்சள் சீட்டு கையெழுத்துக்கு மட்டும்.

60 பிள்ளைகளுக்குள் இருந்தால்: பலகையும் சீட்டும் போதும். அவசரத்துக்குத் தொலைபேசிச் சங்கிலி, ஒருவர் ஐந்து வீட்டைக் கூப்பிட வேண்டும். பன்னிரண்டு பேர் இருந்தால் பத்து நிமிடத்தில் முடியும்.

எதைத் தேர்ந்தாலும் ஒன்றுதான் மூலம், மற்றவை அதன் நகல் என்று முடிவெடுங்கள். சீட்டில் 10 மணி, வாட்ஸ்அப்பில் 10.30 என்று போனால் இரண்டையும் நம்ப மாட்டார்கள். மூலத்தில் இல்லாததை நகலில் சேர்க்காதீர்கள்.

முடிவெடுக்குமுன் ஜூலையில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். செவ்வாயன்று மஞ்சள் சீட்டு அனுப்புங்கள், அதே செய்தியை வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். சீட்டில் ஒரே ஒரு கேள்வி: "அவசரம் என்றால் பகல் நேரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும், அவர் எண் என்ன?" வெள்ளியன்று துண்டுகளை வருகைப் பதிவேட்டோடு ஒத்துப்பாருங்கள். வராத வீடுகள் பத்துப் பதினைந்து இருக்கும். அவற்றைத் தனித் தாளில் எழுதி அலுவலகப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அந்தப் பிள்ளைகளைக் கூட்டி வரும் ஆட்டோ அண்ணன் எண்ணையும் ஒவ்வொரு பெயருக்கு எதிரே எழுதுங்கள். மழை நாளில் காலை 6.45க்கு முதலில் கூப்பிட வேண்டியது அவரைத்தான்.